எல்ப் லொறி டிப் வேலை: மூணாவது ஞாயிறு, பல்லு பிளே வச்சு முடிஞ்சது

மூணு ஞாயித்துக்கிழமையா லொறி டிப் வேலைதான், அதாவது இன்ஜின் சுத்துறத பின் சில்லுக்கு குடுக்குற பல்லுப் பெட்டி. அதுல பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல உள்ள இடைவெளிதான் பிளே. மாமாவோட பழைய எல்ப், தலவாக்கலையிலருந்து மரக்கறி ஏத்திக்கிட்டு கொழும்புக்கு இறங்குற வண்டி, ஹட்டன் தாண்டி கினிகத்தேனை இறக்கத்துல எக்ஸிலேட்டர விட்டதும் பின்னால ஊஊன்னு ஒரு சத்தம், திரும்ப மிதிச்சா டக்குன்னு ஒரு அடி. போன வருசம் ஒரு கராஜ்ல டிப்ப இறக்கி உள்ள ரெண்டு பக்கமும் தாங்குற சைட் பெயாரிங் ரெண்டையும் மாத்துனாங்க, அதுக்கு பொறகுதான் இந்தச் சத்தம். நுணுக்கமா அளக்குற டயல் கேஜ் வைக்காம கையால ஆட்டிப் பாத்து பூட்டியிருக்காங்க. அவ்வளவு காசு வாங்கிட்டு அப்பிடி செஞ்சது எனக்கு இன்னும் கோவம்தான்.

முதல்ல டிப்ப தொடல. டக்குன்னு அடிக்கிறது எல்லாம் டிப்புல இருந்து வராது, புரொபலர் சாப்ட் (கியர் பொக்ஸ்லருந்து டிப்புக்கு வர்ற தண்டு) குரொஸ் மூட்டு தேஞ்சிருந்தாலும் அடிக்கும், எக்ஸல் ஸ்ப்ளைன் (முனையில வெட்டியிருக்குற பல்லு) தேஞ்சாலும் அடிக்கும், உள்ள இருக்குற சின்ன பினியன்களோட வொஷர் தேஞ்சாலும் அதே அடிதான். அதெல்லாம் ஒண்ணொண்ணா ஆட்டிப் பாத்து, குரொஸ் ரெண்டும் நல்லா இருக்குன்னு தெரிஞ்ச பொறகுதான் சில்லுகளுக்கு கல்லு குடுத்து ஜக் அடிச்சேன். எங்க வாசல் சரிவு, அதனால ஜக்க மட்டும் நம்பாம ரெண்டு ஸ்டேண்டும் வச்சேன். எக்ஸல் ரெண்டையும் உருவிட்டு டிப்ப முன்பக்கமா எடுத்தோம், தனியா தூக்க ஏலாது, பக்கத்து வீட்டுத் தம்பி வந்து புடிச்சான்.

டீசல்ல கழுவி தைல மரக் கட்டை மேல வச்சு, பஞ்சிகாவத்தையில வாங்குன டயல் கேஜ கிரவுன் (பெரிய பல்லுச் சக்கரம்) பல்லுக்கு நேரா நிறுத்தி, பினியன (புரொபலர் சாப்டோட சேந்து கிரவுன சுத்துற சின்ன பல்லுச் சக்கரம்) அசையாம புடிச்சுக்கிட்டு கிரவுன முன்னும் பின்னும் ஆட்டினா 0.42. இந்த சைஸ் டிப்புக்கு 0.15லருந்து 0.20 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், அதாவது ரெண்டு மூணு தலமுடி கனம். இங்க ஆறு முடி போகுது.

ஆனா எனக்கு நம்பர விட பெருசா தெரிஞ்சது பல்லுதான். டோர்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாத்தா ஒவ்வொரு பல்லுலயும் ரெண்டு தடம். நடுவுல ஒண்ணு, பழசு, கண்ணாடி மாதிரி வழுவழுன்னு. அத விட்டு விலகி பல்லோட வெளி முனைப் பக்கம் இன்னொண்ணு, மங்கலா சொரசொரன்னு, நகத்துல தட்டுப்படுது. நடுவுல இருக்கிறது இந்த ஜோடி இத்தன வருசம் ஓடுன எடம், வெளிய இருக்கிறது போன வருசத்து வேலை. கிரவுன் பினியன விட்டு தள்ளிப் போனா, இழுவைப் பக்கம் (மிதிக்கும்போது அழுத்துற முகம்), இறக்கப் பக்கம் (எக்ஸிலேட்டர விடும்போது அழுத்துற முகம்) ரெண்டுலயும் தடம் வெளி முனைக்குப் போகும், இங்க ரெண்டு பக்கமும் அப்பிடியேதான் போயிருக்கு. பினியன் சிம் (பினியன் எவ்வளவு உள்ள நிக்கணும்னு வைக்கிற தகடு) பிழையா இருந்தா ஒரு பக்கம் உள்ளயும் மத்தப் பக்கம் வெளியயும் போயிருக்கும். அதனால பினியன தொட வேணாம்னு அங்கயே முடிவு எடுத்தேன், அது பெரிய நிம்மதி.

சைட் பெயாரிங்க புடிக்கிற கெப் ரெண்டுக்கும் பஞ்ச் அடிச்சு அடையாளம் வச்சேன், இடம் வலம் மாறவே கூடாது. கெப் போல்ட்ட கொஞ்சம் தளத்தி, நட் சுத்தாம புடிக்கிற லொக் பிளேட்ட எடுத்து, எதிர்ப்பக்க அட்ஜஸ்டிங் நட்ட (பெயாரிங்க பக்கவாட்டுல தள்ளுற, காடி வெட்டுன நட்) எத்தன காடி விடுறமோ அத்தன காடி கிரவுனோட முதுகுப் பக்கத்து நட்ட இறுக்கணும், அப்பதான் கிரவுன் பினியன் பக்கம் நகரும், பெயாரிங் இறுக்கமும் மாறாது. எனக்கு ஒரு காடிக்கு 0.05 போல கொறஞ்சுது. அஞ்சு காடியில 0.18 வந்துருச்சு, சந்தோசத்துல கெப்ப டொர்க் வச்சு இறுக்கிட்டு திரும்பப் பாத்தா 0.09! கெப் தளர்வா இருக்கும்போது நட் மரையில லேசா சாஞ்சு நிக்குது, இறுக்கினதும் நேரா உக்காந்து தள்ளிருச்சு. அந்த 0.09ல பூட்டியிருந்தா சூடேறி இரும்பு விரியும்போது ஒயில் நிக்க எடமில்லாம பல்லு தின்னுரும். அதனால செய்யிறவங்க யாரா இருந்தாலும் கடைசி அளவ கெப் முழுசா இறுக்குன பொறகுதான் எடுங்க. ரெண்டு காடி திரும்ப விட்டு, மறுபக்கம் ரெண்டு காடி இறுக்கி, கெப்ப இறுக்கி நாலு எடத்துல பாத்தேன்: 0.17, 0.18, 0.16, 0.18. நாலுக்கும் உள்ள வித்தியாசம் 0.05க்குள்ள இருந்தா கிரவுன் நேராத்தான் ஓடுதுன்னு அர்த்தம்.

பொறகு மஞ்சள் ஒயில் பெயின்ட்ட ஏழெட்டு பல்லுல மெல்லிசா பூசி, தம்பி ஒரு பலகையால கிரவுன அழுத்திப் புடிக்க நான் பினியன சுத்தினேன், ரெண்டு திசையிலயும். பாரம் குடுக்காம சுத்தினா தடம் சரியா விழாது. மஞ்சள் வழிச்ச எடம் அந்த பழைய வழுவழுப்பு மேலயே நடுவுல விழுந்துச்சு, இழுவைப் பக்கமும் இறக்கப் பக்கமும். பல பேர் இழுவைப் பக்கத்த மட்டும் பாத்துட்டு விட்டுர்றாங்க. நம்ம பாதைக்கு அது போதாது. லோட் ஓட ரெண்டாம் கியர்ல எக்ஸோஸ்ட் பிரேக் (புகைக் குழாய அடைச்சு இன்ஜின் வேகத்த கொறைக்கிறது) போட்டு இறங்கும்போது வண்டியோட பாரம் முழுக்க பல்லோட மத்த முகத்துலதான் நிக்குது. எங்க வண்டி ஊளையிட்டதும் அந்த முகத்துலதான்.

மிச்ச வேலை சீக்கிரம் முடிஞ்சுது, லொக் பிளேட், புது பெக்கிங், ஜிஎல் 5 தரத்து 90 கியர் ஒயில்.

நேத்து காலையில மாமா லோட் ஏத்திக்கிட்டு போனாரு, நானும் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். கினிகத்தேனை இறக்கத்துல கண்ணாடிய இறக்கி விட்டு கேட்டுக்கிட்டே வந்தோம். டக்குன்னு அடிக்கிற சத்தம் இல்ல. ஊளை முழுசா போகல, மூணாம் கியர்ல 40க்கு மேல மெல்லிசா ஒண்ணு கேக்குது, அந்த சொரசொரப்பு பல்லுல இருக்குதே. கித்துல்கலையில நிப்பாட்டி டிப் மேல கைய வச்சேன், சூடுதான், ஆனா கைய எடுக்காம வச்சிருக்க முடிஞ்சுது. மாமா ஒண்ணும் சொல்லல, "டீ குடிப்பமா"ன்னாரு.

1000 கிலோமீட்டர்ல ஒயில இறக்கி டிரெயின் பிளக் மெக்னெட்ட பாக்கணும். மாவு மாதிரி ஒட்டியிருந்தா சரி, செதில் வந்துச்சுன்னா திரும்ப இறக்குவேன்.