சிங்கப்பூர் காவல்துறை வெப்லிக்கு என்ன மதிப்பு?

ரிவால்வரில் சேஃப்டி கேட்ச், அதாவது தவறி வெடிக்காமல் பூட்டிவைக்கும் சின்ன நெம்புகோல், வைக்கும் வழக்கம் இல்லை. பிஸ்டலில் அது சாதாரணம். ரிவால்வரில் தோட்டாவை அடிக்கும் ஹேமரை விரலால் முன்கூட்டியே பின்னிழுத்து வைக்காவிட்டால், டிரிகரை முழுக்க இழுத்தால்தான் அது பின்னால் போய் விழும். அந்த நீளமான, கனத்த இழுப்பே போதுமான பாதுகாப்பு என்று செய்கிறவர்கள் விட்டுவிட்டார்கள். அந்த வழக்கத்துக்கு விலக்காக வந்தவற்றில் நம் ஊர்க் காவல்துறையின் வெப்லி ரிவால்வர்களும் உண்டு. பர்மிங்காமில் வெப்லி அண்ட் ஸ்காட் நிறுவனம் செய்த, .38/200 தோட்டா போடும் மார்க் 4 போன்ற ரகம், 1930களிலிருந்து சிங்கப்பூர்க் காவலர்களின் இடுப்பில் இருந்தது. அதில் சேஃப்டி கேட்ச் இருந்தது. 1970களில் பழுதுபார்க்க வந்தவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, பதிலுக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 என்ற அமெரிக்க ரிவால்வர் கொடுத்தார்கள்.

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் அங்கே நடந்த துப்பாக்கிச் சந்தையில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கூடவே, “மாமா, சேஃப்டி இருக்கு பாருங்க. சிங்கப்பூர் போலிஸ்னு அட்டையில எழுதி வச்சிருக்காரு. சாதாரண மார்க் 4 விலையைப் போல ரெண்டரை மடங்கு கேக்குறாரு. வாங்கலாமா?”

என்னைக் கேட்கக் காரணம் உண்டு. நான் பழைய காவல்துறைப் பொருள்கள் சேர்ப்பவன். தொப்பிச் சின்னங்கள், பித்தளைப் பொத்தான்கள், பர்மிங்காம் ஜே. ஹட்சன் விசில்கள், இடுப்பு வார்கள். பாதிக்கு மேல் சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில் வாங்கியவை. 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடியது எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா கான்ஸ்டபிளாக இருந்தவர். 1969-இல் காக்கி போய் கருநீலச் சீருடை வந்ததை உள்ளிருந்து பார்த்தவர். ஆனால் துப்பாக்கி என்ற ஒன்று என் வீட்டுக்குள் வந்ததில்லை, வரவும் முடியாது. 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி இங்கே அனுமதியின்றிக் கையில் வைத்திருந்தாலே சிறையும் பிரம்படியும். அதனால் நான் இவற்றைப் படத்திலும் கண்ணாடிப் பேழைக்குள்ளும் மட்டுமே பார்த்துப் படித்தவன். படத்தைப் பார்த்து எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னேன்.

முதலில் அட்டையைப் படித்தேன். “சிங்கப்பூர் போலிஸ், 1943” என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே அவனை அழைத்துவிட்டேன். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷார் இங்கே சரணடைந்தார்கள். 1945 செப்டம்பர் வரை இந்த ஊர் ஜப்பானியர் கையில், பெயரே ஷோனான். பர்மிங்காமிலிருந்து எந்தக் கப்பல் 1943-இல் இங்கே ரிவால்வர் கொண்டுவந்து இறக்கியிருக்கும்? எங்கள் தாத்தா பாட்டி மரவள்ளிக்கிழங்கு தின்று காலம் தள்ளிய வருடம் அது. ஊரின் கதை தெரியாத ஒருவர், போர்க்காலம் என்றால் விலை ஏறும் என்று நினைத்து எழுதிய அட்டை.

ஆனால் அட்டை பொய் என்பதால் துப்பாக்கியும் பொய் ஆகிவிடாது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இரும்பில் என்ன இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

போர்க்காலத்தில் வெப்லி நிறுவனத்துக்கு மெருகேற்ற நேரமில்லை. அரத்தின் கோடுகள் தெரியும்படியே விட்டு, “வார் ஃபினிஷ்” என்று துப்பாக்கியின் உடற்சட்டத்தில் முத்திரையும் அடித்து அனுப்பினார்கள். படத்தில் இருந்ததில் அந்த முத்திரை இல்லை. மேற்பரப்பு நன்றாகத் தேய்த்து, ஆழமான புளூயிங், அதாவது துருவைத் தடுக்கும் கருநீல மெருகு, ஏற்றியது. பிரிட்டிஷ் ராணுவத்துக்குப் போனவற்றில் இருக்கும் அகல அம்புக்குறியும் இல்லை. ஆக, போருக்கு முன்னாலோ பின்னாலோ ராணுவத்தின் வழியாகப் போகாமல் விற்கப்பட்ட துப்பாக்கி. காவல்துறைக்குப் போனது என்ற கூற்றோடு இது நன்றாகவே பொருந்துகிறது. விற்பவர் எழுதிய ஆண்டுதான் பொருந்தவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. .38 ரிவால்வர் வேண்டும் என்று ராணுவம் கேட்டபோது வடிவமைத்துக் கொடுத்தது வெப்லிதான். அரசாங்கம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏறக்குறைய அதே உருவத்தைத் தன் சொந்த என்ஃபீல்டு ஆலையில் செய்து 1932-இல் ஏற்றுக்கொண்டது. வெப்லி வழக்காடி 2,250 பவுண்டு கேட்டது. கடைசியில் கிடைத்தது 1,250 பவுண்டு. ராணுவக் கொள்முதல் கைநழுவியதால் நிறுவனம் தன் மார்க் 4-ஐக் காவல் படைகளுக்கும் தனியாருக்கும் விற்றது. போர் வந்து என்ஃபீல்டு ஆலையால் ஈடுகொடுக்க முடியாதபோது அதே ராணுவம் மறுபடி வெப்லியின் கதவைத் தட்டியது. அன்று அவர்களுக்கு நடந்தது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். என்ஃபீல்டையும் வெப்லியையும் பக்கத்தில் வைத்தால் சந்தையில் பாதிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, சேஃப்டி கேட்சுக்கு வருவோம். இந்த ரகத்தின் கூடுதல் விலை முழுவதும் அந்தச் சின்ன நெம்புகோலில்தான் இருக்கிறது. அதனால் சந்தேகமும் அங்கேதான் விழ வேண்டும். அது ஆலையிலேயே வைத்ததா, பிறகு யாரோ பொருத்தியதா? அவனிடம் அந்த இடத்தை மட்டும் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருங்கி எடுக்கச் சொன்னேன். நெம்புகோல் உட்காரும் பள்ளத்தின் உள்பக்கமும் சட்டத்தின் மற்ற பகுதியும் ஒரே புளூயிங்கில், ஒரே அளவு மங்கியிருக்க வேண்டும். பள்ளம் மட்டும் புதுக் கருப்பாக இருந்தால் பின்னால் வெட்டியது. நெம்புகோல் வருடக்கணக்கில் அசைந்த தடம் உலோகத்தில் வில்லாகப் பதிந்திருக்க வேண்டும். வந்த படத்தில் தடம் இருந்தது, பள்ளமும் மங்கியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போதும் அவனுக்கு ஒன்று அழுத்திச் சொன்னேன்: சேஃப்டி இருப்பதால் மட்டும் அது சிங்கப்பூருடையது ஆகிவிடாது. தூரக் கிழக்கின் வேறு சில காவல் படைகளுக்கும் இப்படிச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். பிடியின் பின்புறம் எழுத்துகளும் எண்ணும் அடித்திருந்தாலும் அது முடிந்த முடிவல்ல. எழுத்து அச்சு ஒரு செட் வாங்க அதிகக் காசு ஆகாது. பழைய முத்திரையின் ஓரங்கள் புளூயிங்கோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். புதிதாக அடித்தால் ஓரம் மேடாக எழும்பி விரலில் தட்டும். இதைப் படத்தில் பார்க்க முடியாது, தடவித்தான் பார்க்க வேண்டும்.

தேய்மானத்தைப் பற்றி அவனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. குழலின் முனையில் புளூயிங் போய் வெள்ளி தெரிகிறது, பிடிக்கு மேலே சின்னச் சின்னத் துருக்குழிகள் இருக்கின்றன என்று அவன் குறைபட்டான். நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். இந்த ஊர் ஈரத்தில், வியர்வையில் நனைந்த தோல் உறையில் தினம் போய்த் தினம் வந்த இரும்பு அப்படித்தான் இருக்கும். வேலை முடிந்து நிலையத்தில் ஒப்படைக்கும்போது, நடுவில் மடக்கித் திறந்து, ஆறு தோட்டாக்களையும் எண்ணிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்களாம்; அப்பா சொல்லியிருக்கிறார். அந்தத் திறப்பு மூடலில் கீலும் பூட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். முப்பது வருடம் பணியில் இருந்ததாகச் சொல்லப்படும் துப்பாக்கி கண்ணாடிபோல மின்னினால், மறுபடி தேய்த்துப் புளூயிங் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். எழுத்துகள் குழம்பி, முனைகள் உருண்டிருக்கும். அது நடந்துவிட்டால் சேகரிப்பு மதிப்பில் பெரும்பகுதி போய்விடும், திரும்பவும் வராது.

தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரில் இருந்த எண் சட்டத்தின் எண்ணோடு பொருந்தியது. பொருந்தாவிட்டாலும் நான் உடனே ஒதுக்கியிருக்க மாட்டேன். காவல்துறையின் ஆயுதப் பட்டறையில் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் போடுவது நடக்கக்கூடியதுதான். விலையைக் குறைக்கும், கதையைக் கெடுக்காது. கதையைக் கெடுப்பது சிலிண்டரின் துளைகளைக் குடைவது. .38/200 தோட்டா குட்டையானது, கொஞ்சம் பருமன். அமெரிக்காவில் எளிதாகக் கிடைக்கும் .38 ஸ்பெஷல் நீளமானது, ஒல்லியானது. அதை நுழைப்பதற்காகத் துளையை நீட்டிக் குடைந்த பழைய ரிவால்வர்கள் அங்கே நிறைய. சுட்டால் தோட்டாவின் கூடு உப்பும், பிளக்கும். வெப்லியின் இன்னொரு ரகமான மார்க் 6-இன் சிலிண்டரையே சீவி .45 தோட்டா போட்டவர்களும் உண்டு. இதில் நல்லவேளையாக அந்தக் கை படவில்லை.

இனி விலை. அரிதானது என்றால் விலை அதிகம் என்று விற்பவர் நினைக்கிறார். அரிதாக இருந்தால் போதாது, அதை வேண்டும் என்று கேட்க ஆட்கள் வேண்டும். “சிங்கப்பூர்” என்ற சொல்லுக்கு மனம் துடித்துக் காசு கொடுக்கக்கூடியவர்கள் யார்? என்னைப் போன்றவர்கள். அப்பாவோ தாத்தாவோ அந்தச் சீருடையில் இருந்தவர்கள், இந்த ஊர்க் காவல்துறையின் வரலாற்றைச் சேர்ப்பவர்கள். நாங்கள் ஒருவரும் அதை வாங்க முடியாது. இது அந்தத் துப்பாக்கிக்கே உரிய விசித்திர நிலை. அமெரிக்காவில் வெப்லி ரகங்களை ஒன்றுவிடாமல் சேர்க்கும் சிலருக்கு அது பட்டியலில் நிரப்ப வேண்டிய ஓர் இடம். சேஃப்டிக்காகக் கூடுதலாகக் கொடுப்பார்கள், ஊர்ப் பெயருக்காகக் கொடுக்க மாட்டார்கள். அதனால் கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் அரிய ரகங்களுக்கு ஏலத்தில் ஏறும் விலையை இதற்கு அளவாக வைக்கக் கூடாது. அந்த நிறுவனங்களின் ரிவால்வர்களுக்கு எண்ணைக் கொடுத்தால் எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதமே வாங்கலாம். வாங்குபவர் கூட்டமும் பெரியது.

அவனிடம் சொன்னேன்: “தம்பி, அந்த அட்டைக்குக் காசு கொடுக்காதே. சாதாரண மார்க் 4 விலையோடு பாதி சேர்த்துக் கேள். ஒன்றரை மடங்குக்கு மேல் போகாதே. பழைய வெப்லி விற்பனைப் பதிவேட்டில் இந்த எண்ணைத் தேட ஆள் கிடைத்து, காவல்துறைக்குப் போனது என்று எழுத்தில் வந்தால், அப்போது அவர் கேட்ட ரெண்டரை மடங்கும் நியாயம்தான்.”

விற்பவர் முதலில் மறுத்திருக்கிறார். இவன் 1943-இல் சிங்கப்பூர் யார் கையில் இருந்தது என்று விளக்கியதும் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டாராம். ஒன்றே முக்கால் மடங்கில் முடிந்தது. நான் சொன்ன வரம்பைத் தாண்டிவிட்டான், ஆனால் அந்தப் பள்ளத்தையும் நெம்புகோலின் தடத்தையும் பார்த்த பிறகு என்னாலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. புளூயிங்கைத் தொடாதே, எண்ணெய் மட்டும் போடு, பிடியின் பலகைகளைக் கழற்றி உள்பக்கமும் படம் எடு என்று சொல்லியிருக்கிறேன். பதிவேட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். பதில் வந்தால், எந்த ஊர்ப் பெயர் இருந்தாலும், இங்கே எழுதுகிறேன்.