கூழ் கொட்டிய கையும் தேன் கட்டும்

சித்திரை மாதத்து ஞாயிறு. சுன்னாகத்தில் எங்கள் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சினோம். காய்ந்த பனங்கிழங்கு மாவைக் கரைத்து விட்டு, கூழ் தடித்து வந்த நேரம் பானையை இறக்கப்போய், இடது முழங்கைக்குக் கீழே கொட்டுண்டுவிட்டது. கொதிதண்ணீர் என்றால் வழிந்து ஓடிவிடும். கூழ் ஓடாது, தோலில் ஒட்டிக்கொண்டு தன் சூடு முழுவதையும் அங்கேயே இறக்கும்.

பைப்பைத் திறந்தால் மத்தியான வெயிலில் தாங்கித் தண்ணீரும் சுட்டது. இவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். கை வீங்க முதல் காப்பைக் கழற்றினதும் அவர்தான். அதற்குள் பக்கத்து வீட்டு மாமி வன்னித் தேன் போத்தலோடு ஓடி வந்துவிட்டா.

“பிள்ளை, தண்ணி ஊத்தினது காணும், தேனைப் பூசு. எரிவு அடங்கும்.”

“இருபது நிமிசம் ஊத்த வேணும் மாமி, கொஞ்சம் பொறுங்கோ” என்றார் இவர். அவர் பொறுக்கச் சொன்னது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் விளங்கியது. தோலுக்குள் இறங்கிய சூட்டைத் தேன் எடுக்காது, குளிர்ந்த தண்ணீர்தான் எடுக்கும். ஐஸ் கட்டியும் பற்பசையும் கூடவே கூடாது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என் உள்ளங்கை அளவுக்குக் கொப்புளம். இரண்டாம் நிலை எரிகாயம் என்றார்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு, பரபின் தடவிய கோஸ் வைத்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது கோஸ் காய்ந்து புண்ணோடு ஒட்டியிருந்தது. அந்த நோவில் அழுதுவிட்டேன். அன்றுதான் டொக்டரிடம் தேன் பற்றிக் கேட்டேன்.

அவ சிரித்துத் தட்டிக்கழிக்கவில்லை. தோலின் முழு ஆழத்துக்கும் போகாத எரிகாயங்கள், வழமையான கட்டுகளைவிடத் தேன் கட்டில் நாலைந்து நாள் முந்தி ஆறுவதாக, பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015 கொக்ரேன் மீளாய்வு சொல்கிறது என்றா. ஆனால் மாமியின் போத்தல் வேண்டாம், மருந்துத் தேன்தான் வேணும் என்று உறுதியாகச் சொன்னா. காட்டுத் தேனில் கிருமி வித்துகள் இருக்கலாம். காய்ச்சினால் தேனின் நொதியம் செத்துவிடும். கிருமியைக் கொல்லும் ஐதரசன் பெரொக்சைட்டைச் சிறிது சிறிதாக உண்டாக்குவதே அந்த நொதியம்தான். அதனால் மருந்துத் தேனைக் காமாக் கதிரால் சுத்திகரிக்கிறார்கள். அந்தக் கிழமை லண்டனிலிருந்து வர இருந்த மச்சாளிடம் சொல்லி நாலு டியூப் எடுப்பித்தோம். டொக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கட்டத் தொடங்கினோம்.

சேலைனால் புண்ணைக் கழுவி, தேனைப் புண்ணில் ஊற்றாமல் கோஸில் பூசி வைக்க வேண்டும். பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் கோஸுக்கு இருபது மில்லிலீற்றர் அளவு, தாராளமாக. அதற்கு மேலே தடித்த பஞ்சுக் கட்டு. வைத்தவுடன் சுள்ளென்று எரியும், தேன் அமிலத்தன்மை உள்ளது. கால் மணித்தியாலத்தில் எனக்கு அடங்கிவிட்டது.

முதல் இரண்டு நாளும் கட்டு நனைந்து சட்டைக்கையெல்லாம் ஊறியது. புண் பழுதாகிவிட்டது என்று பயந்தே போனேன். சீனிச்சத்து அவ்வளவு செறிவாக இருப்பதால் தேன் புண்ணிலிருந்து நீரை இழுக்குமாம். அந்த நீரில் தேன் கரைந்துபோகும் என்பதால் தொடக்கத்தில் தினமும் மாற்றினோம், கசிவு குறைந்த பிறகு இரண்டு நாளுக்கொரு தடவை. கட்டிலைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது பெரிய கரைச்சல். கட்டில் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்த பிறகுதான் நித்திரை கொள்ள முடிந்தது.

எனக்குப் பெரிய நிம்மதி, கட்டைப் பிரிக்கும்போது கோஸ் வழுக்கிக்கொண்டு வந்ததுதான். மஞ்சளாகப் படிந்திருந்ததும் மெல்ல மெல்லக் கழன்று, அடியில் சிவந்த தசை தெரிந்தது. காய்ச்சல், நாற்றம், சுற்றிலும் சிவப்புப் பரவுதல், இதில் ஏதும் கண்டால் உடனே வரச் சொல்லியிருந்தா டொக்டர். ஒன்றும் வரவில்லை. பதினேழாம் நாள் கட்டில்லாமல் கையை நீட்டி மடக்கினேன். மாமிதான் முதலில் தொட்டுப் பார்த்தா. புதுத்தோல் இன்னும் இளஞ்சிவப்பு, வெயில் பட்டால் சுரீரென்கிறது. வெளியே போகும்போது நீளக்கை போடுகிறேன்.