கோவ் போகிறவர்கள் மேட்டுக் கல்லறைக்கும் போங்கள்

முதல் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலோடு தொடர்புள்ள இடங்களையும், கோவ் என்ற துறைமுக ஊரையும் பார்த்துவிட்டு, நேற்று இரவுதான் அயர்லாந்தின் தென்கரையிலிருந்து டப்ளின் திரும்பினோம். டாக்சி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. கின்சேல் ஊரிலிருந்து ஓல்டு ஹெட் என்ற நிலமுனை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். எங்கள் நேரத்துக்குத் தோதாகப் பேருந்து இல்லை. ஏறும்போது 25 யூரோ என்ற ஓட்டுநர், இறங்கும்போது 45 கேட்டார். காலியாகத் திரும்பிப் போக வேண்டுமாம். ஏறுவதற்கு முன்னால் அது தெரியாதா? ஆளையே தள்ளுகிற காற்றில் நின்று வாதாட முடியாமல் கொடுத்துத் தொலைத்தோம். எங்கள் இரண்டு பேரின் மதியச் சாப்பாட்டுக் காசு போயிற்று.

ஆனாலும் போனது நல்லதுதான். அந்த முனைக்கு எதிரே சுமார் 18 கிலோமீட்டர் தூரத்தில்தான் 1915 மே 7 அன்று லூசிடானியா மூழ்கியது. முனையின் நுனி இப்போது கோல்ஃப் மைதானத்துக்குள் அடைபட்டிருக்கிறது, கலங்கரை விளக்கம் வரை நடந்து போக விடுவதில்லை. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதற்கு முன்பாகவே ஒரு பழைய சிக்னல் கோபுரம் இருக்கிறது, உள்ளே சின்ன அருங்காட்சியகம். வெளியே தோட்டத்தில் கப்பலிலிருந்து மீட்ட டேவிட் ஒன்றை வைத்திருக்கிறார்கள். உயிர்காப்புப் படகைத் தொங்கவிட்டு இறக்கும் வளைந்த இரும்புக் கை அது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

காரணம் இதுதான். கப்பலில் 48 படகுகள் இருந்தன. டைட்டானிக் போலப் படகுப் பஞ்சம் இல்லை. ஆனால் ஜெர்மன் நீர்மூழ்கி யு-20 விட்ட டார்பிடோ வலப்பக்கம் தாக்கியதும், உள்ளே இன்னொரு வெடிப்பும் சேர்ந்துகொள்ள, கப்பல் சட்டென்று சாய்ந்துவிட்டது. ஒரு பக்கப் படகுகள் எட்டாத தூரத்துக்கு விலகி ஆடின, மறுபக்கப் படகுகள் கப்பல் சுவரிலேயே உராய்ந்து நொறுங்கின. ஒழுங்காகத் தண்ணீரைத் தொட்டவை ஆறே ஆறு. பதினெட்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஏறத்தாழ 1,960 பேரில் 1,200 பேர் வரை இறந்தார்கள்.

இத்தனைக்கும் அது தன் காலத்தின் அதிவேகக் கப்பல்! 1906இல் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் கடலில் இறக்கினார்கள். நீளம் 240 மீட்டர், சுமார் 31,500 டன். வேக சாதனை ஜெர்மன் கப்பல்களின் கையில் இருந்ததால், பிரிட்டிஷ் அரசே குனார்டு கப்பல் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்துக் கட்டவைத்தது. டர்பைன் எஞ்சின், நான்கு சுழலிகள், 25 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர். 1907 அக்டோபரில், இரண்டாவது பயணத்திலேயே, அட்லாண்டிக்கை ஐந்து நாளுக்குள் கடந்து சாதனையைப் பறித்தது. போர் வந்ததும் நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஒரு கொதிகலன் அறையை மூடிவிட்டார்கள், வேகம் 21 நாட்டாகக் குறைந்தது. அன்று பிற்பகல் அதைவிடவும் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. படிக்கப் படிக்க மனசு பதைக்கிறது.

கோர்ட்மாக்ஷெரி என்ற பக்கத்து ஊர் மீட்புப் படகுக்காரர்கள் அன்று பாய் விரிக்கக் காற்றில்லாததால் மூன்று மணி நேரத்துக்கு மேல் துடுப்புப் போட்டே போனார்கள். போய்ச் சேர்ந்தபோது உடல்கள்தான் மிதந்தன. நான் அந்த ஊருக்குப் போகவில்லை, டாக்சிக் காசு மிச்சமில்லை.

கின்சேல் திரும்பி ஒரு சின்னக் கடையில் சௌடர் சாப்பிட்டோம். மீன், சிப்பி, உருளைக்கிழங்கு, பால் சேர்த்த கெட்டியான சூப். கூடவே பழுப்பு சோடா ரொட்டி, தாராளமாக வெண்ணெய். குளிரில் நடுங்கி வந்தவர்களுக்கு அது அமிர்தம். இந்தப் பயணத்தில் மனசார கொடுத்த காசு இதற்குத்தான். இந்த ஊரில்தான் மரண விசாரணை நடந்தது. உள்ளூர் அதிகாரி ஜான் ஹோர்கனின் ஜூரி, ஜெர்மன் பேரரசர் வரை கொலைக்குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. விசாரணையை நிறுத்தும்படி லண்டனிலிருந்து உத்தரவு வருவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

மறுநாள் கார்க் நகரிலிருந்து ரயிலில் கோவ். அரை மணி நேரம்கூட ஆகாது, கட்டணமும் குறைவு, கடலை ஒட்டியே போகிறது. அன்று இதன் பெயர் குவீன்ஸ்டவுன். ஊர் முழுக்க டைட்டானிக் கடைகள். அது 1912இல் இங்கே சில மணி நேரம் நின்று போன கப்பல். பிழைத்தவர்களையும் பிணங்களையும் கரையில் ஏற்றி இந்த ஊர் அழுதது லூசிடானியாவுக்காக. சதுக்கத்தில் தேவதைச் சிலையோடு நினைவுச்சின்னம் இருக்கிறது. அங்கே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். மேட்டில் ஏறி ஓல்டு சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ஏற்றம் மூச்சு வாங்கும், ஆனால் நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே மூன்று பொதுக் குழிகளில், வரிசையாக அடுக்கிய சவப்பெட்டிகளில், பலரைப் பெயர் தெரியாமலே புதைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது வேறு யாருமே இல்லை. கீழே டைட்டானிக் கடை வாசலில் வரிசை நின்றது.

சரி, போகிறவர்களுக்கு வழியும் சொல்லிவிடுகிறேன். கார்க்கில் தங்குங்கள், அங்கிருந்து கின்சேலுக்கு 226ஆம் எண் பேருந்து, கோவுக்கு ரயில். ஓல்டு ஹெட்டுக்கு டாக்சி எடுத்தால் போகவும் வரவும் சேர்த்து விலை பேசி, ஏறும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது கோபுரத்தில் சந்தித்த ஒரு வயதான தம்பதி தங்கள் காரில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள், காசு கொடுக்கப் போனால் வாங்கவே இல்லை.