மூழ்கிய கப்பல்கள்

இன்று மாலை அக்கா மகன் கைபேசியில் தன் போர்க்கப்பல் மூழ்கியதும், முகம் வாடாமல் திரை மூலையிலிருந்த வட்ட அம்புக்குறியைக் கட்டைவிரலால் தொட்டான். கப்பல் மீண்டும் மிதந்தது.

2002இல் அமெரிக்கப் படைகள், கணினிப் பாவனையையும் களப் பயிற்சியையும் இணைத்து, ஏறத்தாழ 25 கோடி டாலர் செலவில் நடத்திய ‘மில்லேனியம் சேலஞ்ச்’ போர் ஒத்திகை நினைவுக்கு வந்தது. எதிரணிக்குத் தலைமையேற்ற ஓய்வுபெற்ற மரைன் தளபதி பால் வான் ரைப்பர், ஒட்டுக்கேட்க முடியாதபடி மோட்டார் சைக்கிள் தூதர்களிடம் ஆணைகளைக் கொடுத்தனுப்பி, ஏவுகணைகளாலும் சிறு படகுகளாலும் 16 கப்பல்களைப் பாவனையில் மூழ்கடித்தார்.

கப்பல்கள் மீண்டும் மிதக்கவிடப்பட்டன. அதுகூடச் சரிதான், பயிற்சி நாட்கள் மிச்சமிருந்தன.

அதன்பின் எதிரணியின் கைகள் கட்டப்பட்டதாகச் சொல்லி அவர் விலகினார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

“எங்கேடா தப்பு விட்டாய்?” என்று மருமகனைக் கேட்டேன். ஆட்டத்தை நிறுத்தி யோசித்தான்.