லைட் டூட்டி

"நீ போன் பண்ணியாம்மா?"ன்னு அப்பா கேட்டாரு. இல்லப்பான்னு சொல்லிட்டேன். யோசிச்சு சொன்ன பொய் இல்ல, அவர் கேட்டு முடிக்கறதுக்குள்ள வாய்லேர்ந்து வந்துடுச்சு. "சரி, அப்ப வேற யாரோ"ன்னுட்டு குனிஞ்சு சாக்ஸ் மாட்ட ஆரம்பிச்சாரு. நடந்தது அவ்ளோதான். ஏழு மாசம் ஆச்சு, இன்னும் அந்த "வேற யாரோ" காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. நம்பி சொன்னாரா, இல்ல எனக்கு தப்பிக்க ஒரு வழி விட்டு சொன்னாரான்னு புரியல.

அப்பாவுக்கு 67. செக்யூரிட்டி, நைட், 12 மணி நேரம். சுகர் 22 வருஷமா இருக்கு. இந்த வயசுல ஏன் அனுப்பறன்னு கேக்கறவங்களுக்கு பதில் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. ஒரு ஃப்ரெண்டுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டு, அந்தாளு கட்டாம விட்டு, சேத்து வெச்சதெல்லாம் அதுல போயி மிச்சம் இன்னும் அப்பா பேர்ல ஓடுது. அந்த ஃப்ரெண்ட் யாருன்னு அவரும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. என் சம்பளத்துல வாடகை, பையன் ஃபீஸ் போக நிக்கறது அப்பா மருந்துக்கும் வீட்டுக்கும் சரியா போகுது, கடனுக்கு எட்டல. எக்ஸல்ல நாலு தடவ போட்டு பாத்துட்டேன், எப்படி மாத்தி போட்டாலும் கடைசி கட்டம் சிவப்புலதான் நிக்குது.

அதனால "வேலைய விட்ருங்கப்பா, நான் பாத்துக்கறேன்"ன்னு ஒரு தடவ கூட நான் சொன்னதில்ல. இத எழுதும்போதுதான் எண்ணிப் பாத்தேன், நிஜமாவே ஒரு தடவ கூட இல்ல. உடம்ப பாத்துக்கங்கப்பா, முடியலன்னா லீவு போடுங்கப்பா, இப்படி சுத்தி சுத்தி சொல்லிருக்கேன். எல்லாத்துக்கும் அவர் "ம்".

அந்த "ம்" பத்தி சொல்லியாகணும். கால் மரத்துப் போகுதுன்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தேன். கண்ண மூடிக்கச் சொல்லிட்டு தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழைய உள்ளங்கால்ல அங்கங்க வெச்சு அழுத்தறாங்க, அது லேசா வளையற அளவுக்கு அழுத்துனா 10 கிராமாம், அது கூட தெரியலன்னா நாளைக்கு ஷூவுக்குள்ள கல்லு கெடந்து குத்துனாலும் தெரியாது, புண்ணாகி சீழ் வெச்சப்புறம்தான் தெரியும். தொட்டா சொல்லுங்கன்னாரு டாக்டர். அப்பா "ம்"ன்னாரு. கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்". திரும்ப ஒண்ணு. ஒரே தாளத்துல வந்துக்கிட்டே இருந்துச்சு. நடுவுல டாக்டர் கைய எடுத்துட்டாரு, எடுத்தப்புறமும் ரெண்டு "ம்" வந்துச்சு. டாக்டர் என்ன பாத்தாரு. நான் அப்பாவ பாத்தேன், கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, கட்டிலோட ஓரத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, பரீட்சை எழுதற பையன் மாதிரி உக்காந்திருந்தாரு. அந்த டெஸ்ட்ல பாஸானா யாரும் ஒண்ணும் குடுக்கப் போறதில்ல. ஆனா நான் ஃபிட்டாத்தான் இருக்கேன்னு எல்லா இடத்துலயும் காட்டிக்கிட்டே இருந்து பழகிட்டா டாக்டர் யாரு சூப்பர்வைசர் யாருன்னு வித்தியாசம் தெரியாது போல.

சரி, போன் விஷயத்துக்கு வர்றேன். ராத்திரி ரவுண்ட்ஸ்ல மாடிக்கு மாடி ஒரு பாயிண்ட் இருக்கும், போன வெச்சு ஸ்கேன் பண்ணணும், நேரம் பதிவாயிடும். 3 மணி ரவுண்ட்ல அப்பா மாடிப்படியிலயே உக்காந்துட்டாரு. மாத்திரைய போட்டுட்டு சாப்பாட்ட பாதியில வெச்சிருக்காரு, வேர்த்துக் கொட்டி கை நடுங்கிருக்கு. சுகர் 70க்கு கீழ போயிடுச்சுன்னா உடனே 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிஷம் கழிச்சு திரும்ப குத்திப் பாக்கணும்னு சொல்லிச் சொல்லி பாக்கெட்ல வெச்சு அனுப்பறேன், அத எடுத்து போட்டுட்டு சுவர்ல சாஞ்சு கண்ண மூடி உக்காந்திருக்காரு. கரெக்டா அந்த நேரம் பாத்து நைட் செக்கிங் வந்தவரு ஃபோட்டோ எடுத்துட்டாரு. டூட்டியில தூக்கம். ஒரு டூட்டி கட்.

அப்பா ஆமா தூங்கிட்டேன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு.

ஏம்ப்பா உண்மைய சொல்லலன்னு கத்தினேன். அவர் சாதாரணமா சொன்னாரு, "தூங்குனா ஒரு நாள் சம்பளம்தாம்மா போகும். சுகருன்னு சொன்னா வேலையே போயிடும்." என் எக்ஸல விட தெளிவான கணக்கு. அப்ப எனக்கு அது புரிஞ்சுது, புரியலன்னு சொல்ல முடியாது.

புரிஞ்சும் நாலு நாள் கழிச்சு அவரோட சூப்பர்வைசருக்கு போன் பண்ணேன். அவர் தூங்கல சார், சுகர் இறங்கிடுச்சு, டே ஷிஃப்ட் குடுக்க முடியுமா, இல்ல உக்காந்து பாக்கற மாதிரி லைட் டூட்டி ஏதாவது, நான் பேசுனது அவருக்கு தெரிய வேணாம். ரொம்ப மரியாதையா கேட்டுக்கிட்டாரு அவரும். "சரிங்க மேடம், பாத்துக்கறோம்."

இங்கதான் நான் மாட்டிக்கறேன். ஏன்னா "பாத்துக்கறோம்"னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் பாக்கற வேலையே அதுதான், ஹவுஸ்கீப்பிங்குக்கு ரோஸ்டர் போடறது. ரெண்டு வருஷம் முன்ன எனக்கும் இதே மாதிரி ஒரு போன் வந்துச்சு. எங்க ஸ்டாஃப்ல ஒரு அக்கா, அவங்க மருமக பேசுச்சு, அத்தைக்கு முட்டி தேஞ்சிருக்கு மேடம், படி ஏற வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு, அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. நானும் பாத்துக்கறேன்னுதான் சொன்னேன். மனசார சொன்னேன். அக்காவ லிஃப்ட் பக்கமா மாத்தி விட்டேன், அவங்க "நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்"ன்னு கேட்டாங்க, தப்பெல்லாம் இல்லக்கா சும்மா மாத்தினேன்னு சொன்னேன். மூணு மாசம் கழிச்சு ஆள் குறைக்கச் சொன்னாங்க. பேர் எழுதற நேரத்துல என் பேனா எங்க போச்சுன்னு சொல்ல வேண்டியதில்ல. அந்த அக்கா மேல எனக்கு கோவமோ வெறுப்போ கிடையாது, இவங்களால முடியாதுன்னு ஏற்கனவே மனசுல பதிஞ்சிருந்துச்சு, அவ்ளோதான். பதிய வெச்சது அந்த போன்.

இது தெரிஞ்ச நான், அதே போன எப்படி பண்ணேன்?

அவர் படியில உருண்டு விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும், ராத்திரி 3 மணிக்கு தனியா, மயங்கிக் கெடந்தா தூங்கறாருன்னு நினைச்சு ஃபோட்டோ எடுக்கற இடத்துல, அத நினைச்சுத்தான் பண்ணேன். இது பொய் இல்ல. ஆனா அதுக்கு அவரையும் பக்கத்துல உக்கார வெச்சு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி நேரா குடுத்திருக்கலாம். அவர் வேணாம்னு சொல்வாருன்னு தெரியும், அதனாலதான் கேக்கல. வேணாம்னு சொல்ல அவருக்கு உரிமை உண்டா இல்லையா? புத்தி தெளிவா இருக்கற மனுஷன். என் பையன் ஸ்கூல் டீச்சர்கிட்ட பேசற மாதிரி அவருக்குத் தெரியாம அவர் வேலையிடத்துல பேசிருக்கேன்.

இன்னொரு நினைப்பும் வருது, ராத்திரியிலதான் வரும். நான் சொல்ல முடியாத "வேலைய விட்ருங்க"வ அந்த சூப்பர்வைசர் சொல்லட்டும்னு விட்டேனோ. நான் சொன்னா கடன நான் ஏத்துக்கணும். அவங்க அனுப்பிட்டா அது நடந்து போன விஷயம், அதுக்கு நான் பொறுப்பில்ல. அப்படி நினைச்சுத்தான் பண்ணேன்னு சத்தியம் பண்ணச் சொன்னா மாட்டேன். இல்லவே இல்லன்னும் சத்தியம் பண்ண மாட்டேன்.

அப்பாவ அனுப்பல, ரிலீவர் ஆக்கிட்டாங்க. நிரந்தரமா ஒரு சைட் கிடையாது, யாராவது லீவு போட்டா கூப்பிடுவாங்க. மாசம் 26 டூட்டி 11 ஆச்சு, ஒரு மாசம் 8. மிச்ச நாளெல்லாம் மடியில போன வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. இதுல கொடுமை என்னன்னா அவர் சுகர் குறைஞ்சிருக்கு. மூணு மாச ஆவரேஜ் காட்டற HbA1c டெஸ்ட்ல 9.4 இருந்தது 8.1க்கு வந்துடுச்சு, நைட் முழிக்கறது குறைஞ்சு வேளைக்கு சாப்பாடு, மாத்திரைன்னு போறதாலதான்னு டாக்டர் சொன்னாரு, இப்படியே மெயின்டெயின் பண்ணுங்கன்னு ரொம்ப சந்தோஷமா சொன்னாரு. அப்பா "ம்"ன்னாரு. நான் சுவர்ல ஒட்டியிருந்த சார்ட்ட படிச்சுக்கிட்டு இருந்தேன். கடனுக்கு ரெண்டு தவணை கட்டல, அது வேற கதை, இப்ப ஞாயித்துக்கிழமையிலயும் நான் வேலை எடுத்துக்கறேன்.

தினமும் படுக்கறதுக்கு முன்ன அவர் கால நான்தான் பாக்கறேன், போன் டார்ச் அடிச்சு, விரல் இடுக்குல, குதிகால் வெடிப்புல. அவருக்கு கண்ணும் இப்ப சரியா தெரியல. அந்த நேரத்துல சொல்லிடலாம்னு நிறைய தடவ நினைச்சிருக்கேன். ரெண்டு பேருமே கால பாத்துக்கிட்டு இருப்போம், மூஞ்சிய பாக்க வேண்டியதில்ல, சொல்றதுக்கு அத விட வசதியான நேரம் கிடையாது. சொன்னதில்ல.

போன வாரம் அப்பா, "நாளைக்கு டூட்டி இருக்கான்னு சூப்பர்வைசருக்கு ஒரு போன் போட்டுக் குடும்மா, என் போன்ல சார்ஜ் இல்ல, உன்னுதுலேர்ந்து போடு"ன்னாரு. நம்பர சொல்லச் சொல்ல அடிச்சேன். எட்டு நம்பர் வர்றதுக்குள்ளயே என் போன் அந்தப் பேர கீழ காட்டுது. ஸ்பீக்கர்ல போட்டுக் குடுத்தேன், அப்பாவுக்கு காதுல வெச்சா சரியா கேக்காது. எடுத்த உடனே அந்தாளு, "சொல்லுங்க மேடம், அப்பா எப்படி இருக்காரு"ன்னாரு.

அப்பா ஒரு செகண்ட் கூட நிறுத்தல. "நான்தான் சார் பேசறேன், நல்லா இருக்கேன், நாளைக்கு ஏதாவது இருக்கா சார்"ன்னாரு. இருக்கு, நைட், வாங்கன்னாங்க. வெச்சுட்டு போன எங்கிட்ட நீட்டுனாரு. "நாளைக்கு டூட்டியாம்மா. ஷூவுக்குள்ள கைய விட்டு பாத்து வெச்சிடு."

பாத்து வெச்சேன். அப்புறம் அவர் போன எடுத்து சார்ஜ்ல போடப் போனேன். 60க்கு மேல இருந்துச்சு. அவர் கண்ணுக்கு அந்த நம்பர் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல, அத கேக்கவும் முடியாது. ஒயர சொருகிட்டு வந்துட்டேன்.