எதை அண்டர்கிரவுண்ட் இசை என்பது?

கேட்பவர்கள் குறைவு என்பதற்காக மட்டும் ஓர் இசைக்குழுவை அண்டர்கிரவுண்ட் என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியப் பெருங்கடலில் உள்ள எங்கள் ரீயூனியன் தீவின் மரபிசையான மலோயா, வானொலிக்கு வெளியே, கரும்புத் தோட்டத் தொழிலாளர்களின் முற்றங்களில்தான் நெடுங்காலம் உயிரோடிருந்தது. 1976இல் அதை இசைத்தட்டில் பதித்து வெளியிட்டதும் ஒரு வணிக நிறுவனம் அன்று, இத்தீவின் கம்யூனிஸ்ட் கட்சி. கதவு அடைக்கப்பட்ட இசைக்கே அந்தப் பெயர் பொருந்தும் என்பது என் கருத்து. 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றுவிட்ட மலோயாவுக்கு இனி அது பொருந்தாது.

ஆனால், 1970களில் கமேலியோன் குழுவில் ராக் இசையையும் மலோயாவையும் இணைத்து, பிறகு தகாம்பா என்னும் ஆப்பிரிக்க நரம்புக் கருவியோடு தனியே பாடி, 1995இல் தமது 43ஆம் வயதில் மறைந்த அலேன் பீட்டர்ஸ் இன்றும் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை என்றே நினைக்கிறேன். அவருடைய ரசிகர்கள் சிலரே, எனினும் அவரை உயிராக நேசிப்பவர்கள்.

சென்ற சனிக்கிழமை இத்தீவின் சேன்-பியேர் நகரில் நண்பர் வீட்டில் அவருடைய பாடல் ஒலித்தது. கரும்புப் பூத்தண்டுகளுக்குள் விதைகளை இட்டுச் செய்த கயாம்ப் என்னும் தாளக் கருவியை, முறத்தில் அரிசி புடைப்பதுபோல் அசைத்தபடி, நண்பரின் பதினெட்டு வயது மகன் எங்கள் கிரியோல் மொழி வரிகளை ஒன்றுவிடாமல் உடன் பாடினான்.