ஒளிந்து நின்று கேட்ட காதல்

சென்னை சபா நாடகங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆள்மாறாட்டம் புதிதல்ல. கல்யாணத்துக்காக இல்லாத தகப்பனாரை எங்கிருந்தோ பிடித்து வருவதும், குட்டு உடைபடும் நேரத்தில் இன்னொரு பொய் வந்து காப்பாற்றுவதும் நமக்கு மனப்பாடம். அந்தப் பொய்களுக்குக் காதல் பெரும்பாலும் ஒரு சாக்குதான். 1600இல் அச்சான ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்திலோ, பொய்யை உருவிவிட்டால் காதல் மேடைக்கே வராது.

பெனடிக்கும் பீட்ரிஸும் சந்திக்கும்போதெல்லாம் சொல்லால் குத்திக்கொள்பவர்கள். திருமணமே வேண்டாம் என்று ஊரறியச் சொன்னவர்கள். பெனடிக் தோட்டத்தில் ஒளிந்திருப்பதை அறிந்துகொண்டே அவனுடைய நண்பர்கள், பீட்ரிஸ் அவன்மேல் உயிரையே வைத்திருப்பதாகவும், தெரிந்தால் அவன் எள்ளி நகையாடுவான் என்று அஞ்சி மறைப்பதாகவும் உரக்கப் பேசுகிறார்கள். பிறகு அதே வலையைப் பெண்கள் பீட்ரிஸுக்கு விரிக்கிறார்கள். இருவர் காதிலும் காதலோடு சேர்ந்து அவரவர் செருக்கைப் பற்றிய கண்டனமும் விழுகிறது. நேரில் சொல்லியிருந்தால் இருவரும் நொடியில் பதிலடி கொடுத்திருப்பார்கள். ஒளிந்திருப்பவரால் வாய் திறக்க முடியாது. நாடகத்தின் மிகப் பெரிய வாயாடிகள் இருவரையும் சற்று நேரம் பேசாமல் நிற்க வைத்ததே அந்தச் சூழ்ச்சியின் சாமர்த்தியம் என்பேன்.

அதே நாடகத்தின் வில்லன் டான் ஜான் செய்யும் வஞ்சனைக்கும் கருவி இதுவேதான். சாளரத்தில் பணிப்பெண் மார்கரெட்டை நிறுத்தி, அவளைத் தன் மணப்பெண் ஹீரோ என்று (ஆம், அந்தப் பெண்ணின் பெயர் ஹீரோ) பெனடிக்கின் நண்பன் கிளாடியோவை நம்பவைக்கிறார்கள். தோட்டத்து ஏமாற்றுகள் நம் கண்முன் நடக்க, இந்தச் சாளரக் காட்சியை மட்டும் ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டவில்லை. நடந்ததைப் பிறர் சொல்லித்தான் அறிகிறோம். பார்வையாளர் உடந்தையாக இருக்கும் பொய்யில்தான் சிரிப்பு பிறக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருக்கிறார். கிளாடியோவை என்னால் எளிதில் மன்னிக்க முடிவதில்லை. ஹீரோவிடம் ஒரு வார்த்தை தனியே கேட்காமல், மணமேடையிலேயே அவளை அவமானப்படுத்துகிறான்.

நம் மேடையில் இதற்கு இணையாக நினைவுக்கு வருவது சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’. அங்கே ஏமாற்றுவது காதலனே: வேடனாகவும் விருத்தனாகவும் வரும் முருகனை அரங்கில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும், வள்ளிக்கு மட்டும் தெரியாது. தர்க்கத்தில் வள்ளி சளைக்காமல் வாதாடுவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அண்ணனை யானையாக வரவழைத்து, அந்த அச்சத்தில் சம்மதம் பெறும் இடம் சற்று உறுத்தவே செய்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகம் நடக்கும் மெஸ்ஸினா நகரின் நண்பர்கள் யாரையும் பயமுறுத்தவில்லை.

இறுதிக் காட்சியில் நண்பர்களின் குட்டு எல்லார் முன்னிலையிலும் வெளிப்படுகிறது. உடனே இருவரும் பின்வாங்கப் பார்க்கிறார்கள், ‘நட்பு மட்டும்தான்’ என்கிறார்கள். அப்போது ஒருவர்மேல் ஒருவர் ரகசியமாக எழுதி வைத்த கவிதைகள் பிடிபடுகின்றன. அவற்றை எழுதும்படி எந்த நண்பரும் தூண்டவில்லை. அதற்குப் பிறகும் பீட்ரிஸ் விட்டுக்கொடுப்பதில்லை. அவனுக்கு எலும்புருக்கி நோய் என்று கேள்விப்பட்டதாகவும், ஓரளவு அவன் உயிரைக் காப்பாற்றவே சம்மதிப்பதாகவும் சொல்லி, பொய் என்று தெரிந்துவிட்ட அதே கதையைக் காரணம் காட்டியே அவனை ஏற்றுக்கொள்கிறாள்.